தம்பிக்கு டெப்பா, வீட்டுக்கு லெப்டொப்பா?

போன மாசக் கடைசி ஞாயிறு ஹட்டனில் நாங்கள் கூடியது ஒரு நாவலைப் பற்றிப் பேசத்தான். பேச்சு முடிந்து டீ வந்த நேரத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி ஒருத்தன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, ஸ்விஃப்ட் ஓட்ட எந்த டெப் வாங்கலாம்?" எங்களில் ஒருத்தர் சுசுகி கார் என்று நினைத்து, "காருக்கு எதுக்குடா டெப்பு?" என்று கேட்க, கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. அவன் சிரிக்கல. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறோம். சைக்கிளின் பின் சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பது. அந்தத் தாங்கிக்குப் பேர் ட்ரெயினர். ஸ்மார்ட் ட்ரெயினர் என்றால், நாம எவ்வளவு பலமா மிதிக்கிறோம்னு வாட் கணக்கில் அளந்து புளூடூத்தில் அனுப்பும். எதிரே இருக்கிற திரையில் நம்ம உருவம் ஒரு சைக்கிளில் போகும். திரையில் ஏத்தம் வந்தா இங்க பெடல் இறுகும், இறக்கம் வந்தா லேசாகும். கூடவே உலகத்தின் எங்கெங்கோ தங்கள் வீட்டுக்குள் மிதிக்கிறவர்கள் பக்கத்தில் வருவார்கள். 2014இல் தொடங்கிய ஸ்விஃப்ட் இதில் பிரபலமானது. மைவூஷ், ரூவி என்று வேறும் உண்டு.

தம்பிக்கு ட்ரெயினர் எங்கிருந்து வந்தது? அவனுடைய அக்கா கொழும்பில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் வேலை செய்தவர். வீட்டுக்காரங்க நாட்டை விட்டுப் போறப்போ, தூக்க முடியாத சாமான்களை அவரிடம் விட்டுட்டுப் போனாங்க. அதில் இதுவும் ஒண்ணு. பழைய பெட்சீட்டில் சுத்தி, பதுளை ரயிலில் ஏத்தி, ஹட்டனில் இறக்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிச்சுத் தோட்டத்துக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்கார். இஸ்தோப்பில் வச்சதும் பக்கத்துக் காம்பிராக்காரங்க தையல் மெஷின் என்றே நினைச்சாங்களாம். இப்ப தம்பி கடை வேலையில் சேர்த்த காசு கையில் இருக்கு. அதை டெப்பில் போடலாமா என்பதுதான் கேள்வி.

எங்களுக்குள் முதலில் வந்தது எரிச்சல்தான், ஒளிக்கல. "மலையில பொறந்தவனுக்கு வீட்டுக்குள்ள மலையா?" என்றார் ஒருத்தர். நியாயமான கேள்வி. ஸ்விஃப்ட்டில் பேர் போன ஏற்றம் 'ஆல்ப் டு ஸ்விஃப்ட்'. பிரான்சின் ஆல்ப் டூயெஸ் மலைப் பாதையைப் பார்த்துச் செய்தது. 21 வளைவு, 12.2 கிலோமீட்டர், 1,036 மீட்டர் உயரம். நம்ம ஏ-5 வீதியில் கம்பளையில் தொடங்கி புசல்லாவை, இறம்பொடை வழியா நுவரெலியா போய்ப் பாருங்க, 1,300 மீட்டருக்கு மேல் ஏறணும். வளைவை எண்ணவே முடியாது. வெள்ளைக்காரன் மாசம் காசு கட்டி ஏறுற மலை நமக்கு வாசலில் கிடக்கு.

ஆனா அந்த வாசலில் யார் சைக்கிள் ஓட்ட முடியும்? இதைப் பேசத் தொடங்கினதும் சிரிப்பு நின்று போச்சு. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லை குறுக்கு வீதியில் பஸ், வேன், ஆட்டோ மோதி 7 பேர் செத்துப் போனாங்க. வேனில் இருந்தவங்க ஹட்டன் பக்கத்து ஆட்கள். 2025 மே 11ஆம் திகதி விடியக்காலை கொத்மலை கரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் உருண்டு 20க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அதுவும் நாங்க மேலே சொன்ன அதே ஏ-5 வீதிதான். அந்த வளைவுகளில் பஸ்ஸும் லொறியும் ஒண்ணை ஒண்ணு முந்துற நேரத்தில், ஓரத்தில் சைக்கிளில் ஒருத்தன் ஏறிக்கொண்டிருப்பதை நினைச்சுப் பாருங்க. ஓரம் என்று ஒண்ணு இருந்தாத்தானே! தோட்டத்து ரோட்டில் போகலாம் என்றால், மே மாசம் தொடங்கிய மழை செப்டம்பர் வரை விடாது. கல்லு பெயர்ந்த பாதை, அட்டைக் கடி, மாலை 4 மணிக்கே இறங்கி வரும் மூடுபனி. வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஒருத்தருக்கு மிச்சம் இருப்பது இருட்டு மட்டும்தான்.

இதில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. லயத்தில் ஒரு பொம்பளப் பிள்ளை இருட்டினதுக்கு அப்புறம் உடற்பயிற்சிக்காக சைக்கிளில் போனா என்ன கதை வரும் என்பதை நாங்க எழுத வேண்டியதில்லை. உங்க வீட்டிலேயே கேட்டுப் பாருங்க.

அதனால 'பணக்காரன் விளையாட்டு' என்று தள்ளி வைக்க எங்களுக்கு மனசு வரல. இன்னொரு காரணமும் இருக்கு. சைக்கிள் பந்தயத்தில் ஐரோப்பாவில் பிறக்காதவனுக்குக் கதவு திறப்பது லேசில்லை. அந்தக் கதவைச் சிலருக்கு இந்தத் திரை திறந்துவிட்டிருக்கு. ஸ்விஃப்ட் நடத்திய தேர்வில் 2020இல் வென்ற அவுஸ்திரேலியர் ஜே வைன் தொழில்முறை அணியில் சேர்ந்து, 2022இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் இரண்டு கட்டங்களை வென்றார். அதே 2020இல் பெண்கள் பக்கம் வென்ற நீவ் பிராட்பரி 2024இல் இத்தாலிய ஜிரோவில் ஒரு கட்டம் ஜெயிச்சார். 2020 டிசம்பரில் நடந்த முதல் இணைய சைக்கிள் உலகப் போட்டியில் அவரவர் வீட்டில் இருந்தே ஓட்டினாங்க. ஆண்களில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஓஸ்போர்ன் அப்போது சைக்கிள்காரரே இல்லை, துடுப்புப் படகுக்காரர். நம்ம தம்பி இதையெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கான்.

சரி, ஆசை நியாயம். இனி காசு விஷயம்.

முதலில் பலர் தவறாப் புரிஞ்சுகொள்வதைச் சொல்லணும். நல்ல கணினி வாங்கினா வேகமா ஓடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கு. வீடியோ கேம் பழக்கத்தில் வந்தது. இங்க அப்படி இல்ல. வாட்டை அளப்பது ட்ரெயினர். அந்த வாட்டையும், உங்க உடம்பு எடையையும், பாதையின் சரிவையும் வச்சு வேகத்தைக் கணக்குப் போடுவது ஆப். திரை அதைப் படமாக் காட்டுது, அவ்வளவுதான். அஞ்சு லட்சம் ரூபாய்க் கணினியில் ஓட்டினாலும் பழைய போனில் ஓட்டினாலும் 180 வாட் என்றால் 180 வாட்தான். கணினி நல்லதா இருந்தா மரத்தின் நிழல் அழகாத் தெரியும், கடலில் அலை அசையும். கால் வலி ஒண்ணுதான்.

இதை நாங்க சும்மா சொல்லல. அதுக்குப் பிறகு மூணு ஞாயிறு தம்பி வீட்டு இஸ்தோப்பில் பரீட்சித்துப் பார்த்தோம். இலவசமா ஓட்ட விடும் நாட்களுக்குள்ளேயே முடிச்சோம் என்பதையும் சொல்லணும், எங்ககிட்ட சந்தா கட்டக் காசில்ல. எங்களில் ஒருத்தரின் அலுவலக லெப்டொப், ஒரு டீச்சரின் பழைய ஐபேட், சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் மலிவு டெப், பிறகு ஆளாளுக்கு இருந்த போன்.

ஐபேட்தான் எல்லாத்திலும் சுகம். திறந்தோம், ட்ரெயினரைப் பிடிச்சுது, ஓடினோம். படம் வழுக்கிக்கொண்டு போச்சு. லெப்டொப்பில் தனி கிராஃபிக் கார்ட் இல்லாததால் கூட்டமா ஆட்கள் வர்ற இடத்தில் படம் கொஞ்சம் இழுத்தது. ஆனா ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகல. மலிவு டெப்பில்தான் ஏமாந்தோம். ரேம் போதாம ஆப் இரண்டு தடவை தானா மூடிக்கொண்டது, ஏறிக்கொண்டிருந்த மலையும் போச்சு. அதோட ஆரம்பத்தில் அரை மணித்தியாலம் ட்ரெயினரையே கண்டுபிடிக்கல. பிறகுதான் விளங்கிச்சு. ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் உள்ள கருவிகளில் லொகேஷன் போட்டாத்தான் புளூடூத் வழியா தேடவே விடும். இன்னொரு கூத்து: எங்க ட்ரெயினர் புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியோடதான் பேசும். முதல் நாள் இணைச்ச போன் யாரோ ஒருத்தர் சட்டைப் பையில் இருந்துகொண்டே அதைப் பிடிச்சு வச்சிருந்தது. உங்க ட்ரெயினரும் 'காணோம்' என்று சொன்னா, முதல்ல சட்டைப் பைகளைத் தேடுங்க.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டலாம். ஆனா ஹேண்டிலில் கட்டி வச்ச சின்னத் திரையில் எழுத்துத் தெரியல, வியர்வை சொட்டின திரை விரலுக்கு மசியவும் இல்ல. ஹட்டன் குளிரில் என்ன வியர்வை என்று கேக்காதீங்க. காத்து முகத்தில் அடிக்காம மிதிச்சா பத்து நிமிசத்தில் சட்டை நனைஞ்சிடும். திரையில் போடுற காசில் கொஞ்சத்தை எடுத்து ஒரு ஃபேன் வாங்குங்க. இது நாங்க சொல்லும் புத்திமதிகளிலேயே ஆகச் சிறந்தது.

எல்லாரும் கேட்கும் டேட்டா கணக்கைப் பார்ப்போம். ஸ்விஃப்ட் ஓடும்போது இழுப்பது ரொம்பக் கொஞ்சம். ஒரு மணித்தியாலம் வீடியோ பார்ப்பதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஏன்னா படமெல்லாம் ஏற்கெனவே கருவிக்குள் இருக்கு, போய் வருவது இலக்கங்கள் மட்டும். நடுவில் சிக்னல் போனாலும் மத்த ஆட்கள் மறைவாங்களே ஒழிய நம்ம ஓட்டம் நிக்காது. ஆனா முதல்ல இறக்குறப்போ பல ஜிபி போகும், அப்பப்போ புதுப்பிப்பும் வரும். அதை டவுனில் வைஃபை இருக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டு வரலாம், கையில் தூக்கிப் போகக்கூடிய கருவியா இருந்தா. ரூவி மாதிரி நிஜப் பாதையை வீடியோவாகக் காட்டும் ஆப்கள் டேட்டாவைத் தின்னும். லயத்தில் ஒரு ரவுட்டரை நாலு வீடு பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

சந்தா? ஸ்விஃப்ட்டுக்கு 2024இல் இருந்து மாசம் 19.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வச்சாலும் 6,000 ரூபாய். 2024 செப்டம்பரில் கூட்டின 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் நாலரை நாள் கொழுந்து. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் தரும் 200 ரூபாயோடு சேர்த்துச் சொன்ன 1,750 ரூபாயிலும் மூணரை நாள். நாங்க இதைக் கணக்குப் போட்டுச் சொன்னப்போ தம்பியின் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல.

மைவூஷ் அபுதாபியில் இருந்து வருவது, முழுக்க இலவசம். அப்போ பிரச்சினை தீர்ந்துச்சா? இல்ல. அதன் படங்கள் கனமானவை. எங்க லெப்டொப் திணறிச்சு, மலிவு டெப் கையை விரிச்சிடுச்சு. ஆக, மலிவான கருவியில் ஓடும் ஆப் மாசாமாசம் சல்லி கேட்கும். சல்லி கேட்காத ஆப் நல்ல கருவி கேட்கும். கடைசியில் எங்கேயோ ஓரிடத்தில் வாங்கிவிடுறாங்க. மூணாவது வழி ஒண்ணு இருக்கு, அதை யாரும் பெருசாப் பேசுறதில்ல. ட்ரெயினர் கம்பனிகள் பலதுக்குச் சொந்தமா ஓர் ஆப் உண்டு. அதில் வாட்டைப் பார்க்கலாம், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், காசில்ல. அஞ்சு நிமிசம் இறுக்கம், மூணு நிமிசம் லேசு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிட்டு, போனில் பாட்டுப் போட்டு மிதிக்கலாம். மலையும் கடலும் தெரியாது. கால் மட்டும் பலமாகும்.

இப்ப டெப்பா, லெப்டொப்பா?

இதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. டெப் பக்கம் பேசினவங்க சொன்னது: சின்னது, சுலபம், காம்பிராவில் இடம் பிடிக்காது, பட்டரி நிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏற்கெனவே சைக்கிளும் ட்ரெயினரும் பாதி இஸ்தோப்பைப் பிடிச்சிருக்கு. அதுவும் சரிதான்.

ஆனா அந்த வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கு. அடுத்த வருசம் ஓ.எல். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினப்போ அந்தப் பிள்ளை ஆரம்பப் பிரிவில் படிச்சுக்கொண்டிருந்தது. வீட்டில் போன் ஒண்ணு, அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டு போவார். வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இரவில்தான் பார்க்கும், கேள்விக்குப் பதில் அனுப்புறப்போ டீச்சர் தூங்கிப் போயிருப்பாங்க. சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறின பிள்ளைங்க எங்க குழுவிலேயே நாலு பேர் இருக்கோம். குடைக்குக் கீழே குந்தியிருந்து ஏ.எல். பாடம் கேட்டவங்க. தொகைமதிப்புத் திணைக்களம் கணினி அறிவைப் பற்றி வெளியிடும் அட்டவணைகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூணு வரி இருக்கும். தோட்டம் எப்பவும் கடைசி வரி. அந்த வீட்டுக்குள் முதல் தடவையா ஒரு கருவி வாங்கக் காசு வந்திருக்கு. அது ஒரு மணித்தியாலச் சைக்கிளுக்கு மட்டும் வர்றதை எங்களால் ஏத்துக்கொள்ள முடியல.

டெப்பில் படிக்க முடியாதா என்று கேட்டாங்க. பார்க்கலாம், கேட்கலாம். ஆனா எழுதணுமே! தமிழில் நாலு பக்கம் தட்டச்சு பண்ணணும், ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அச்செடுக்கணும், கணக்கை அட்டவணையாப் போடணும், நாளைக்கு ஒரு வேலைக்கு எழுதிப் போடணும். இதெல்லாம் லெப்டொப்பில் பழகின கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்க கொழும்பில் நேர்முகத் தேர்வுகளில் பார்த்திருக்கோம், பட்டிருக்கோம். அதோட ஒரு எச்டிஎம்ஐ வயர் இருந்தா லெப்டொப்பை வீட்டு டீவியில் குத்தலாம். லயத்தில் சாப்பாட்டுக்கு இல்லாட்டியும் டீவி இருக்கும் என்று ஒரு கிண்டல் உண்டு, அந்த டீவி இங்க உதவும். பெரிய திரையில் தங்கச்சி பாடம் பார்க்கலாம், தம்பி மலை ஏறலாம். மலிவு டெப்களில் பலதுக்கு டீவிக்குப் படம் அனுப்பும் வசதியே இல்ல, வாங்குற முன்னே கேட்டுக்கொள்ளுங்க.

இன்னொண்ணு. பழைய ட்ரெயினர்களில் சிலது புளூடூத் பேசாது, ஏஎன்டி பிளஸ் என்ற வேறொரு அலைவரிசையில் மட்டும் பேசும். ஐபேடுக்கு அது கேட்காது. லெப்டொப்பில் சின்ன யூஎஸ்பி குச்சி ஒண்ணு குத்தினாக் கேட்கும். ஓசியில் வர்ற ட்ரெயினர் பெரும்பாலும் பழசாத்தான் இருக்கும்.

நாங்க ஒத்துக்கொண்ட முடிவு பாவிச்ச லெப்டொப். ஆனா கண்ணை மூடிட்டு வாங்கக் கூடாது. டவுன் கடைகளில் மலிவா அடுக்கி வச்சிருப்பதில் நிறைய, அலுவலகங்கள் கழிச்சுவிட்ட பழைய தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோட நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும் என்றால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையாவது வேணும். 'ஐ-5' என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து மயங்காதீங்க, நாலாம் தலைமுறையும் ஐ-5தான். அதுக்குப் பின்னால் வரும் இலக்கம் 8இல் தொடங்குதா, அதைப் பாருங்க. ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி கட்டாயம். புளூடூத் இருக்கா, வேலை செய்யுதா. பட்டரி ஒரு மணித்தியாலமாவது நிக்குதா. பட்டரியை நாங்க ஏன் அழுத்திச் சொல்றோம் என்றால், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை யாரும் மறக்கல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ நுவரெலியா ரோட்டெல்லாம் மண்சரிவில் அடைபட்டு, கரண்டும் சிக்னலும் இல்லாமக் கிடந்த நாட்களில், லெப்டொப் பட்டரியில் இருந்து போனுக்குச் சார்ஜ் ஏத்தி வீட்டாரோட பேசினவங்க எங்களுக்குள் இருக்காங்க. பெரும்பாலான ஸ்மார்ட் ட்ரெயினருக்கும் கரண்ட் வேணும் என்பதால் அப்படியான நாளில் சைக்கிள் ஓட்டம் எப்படியும் இல்ல.

சைக்கிள் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கு. தம்பியிடம் இருப்பது லுமாலா மலைச் சைக்கிள். கட்டை கட்டையாப் பல்லு வச்ச டயர் ட்ரெயினர் உருளையில் பட்டதும் லயமே அதிர்ந்துச்சு. மொட்டை டயர் ஒண்ணு மாத்தினோம், அடியில் ரெண்டு சாக்கு மடிச்சுப் போட்டோம். அப்பவும் சத்தம் பக்கத்துக் காம்பிராவுக்குப் போகுது. சுவர் ஒண்ணுதானே! காலையில் பிரட்டுக்குப் போக எழும்புற ஆட்கள் ராத்திரி எட்டரைக்கே படுத்திடுவாங்க. அதனால எட்டு மணிக்கு மேல மிதிக்கிறதில்ல என்று தம்பி வாக்குக் கொடுத்திருக்கான். ஐரோப்பிய ஆட்கள் எழுதும் கருவித் தேர்வு வழிகாட்டிகளில் இந்தப் பிரச்சினை எங்கேயும் வர்றதில்ல. அவங்களுக்குத் தனி கராஜ் இருக்கு.

இவ்வளவு நேரமும் 'தம்பியின் சைக்கிள்', 'தம்பியின் டெப்' என்றுதான் நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம். மூணாவது ஞாயிறுதான் எங்களுக்கு உறைச்சுது. டீ கொண்டு வந்த அக்கா, எல்லாரும் லெப்டொப்பைச் சுத்தி நின்ன நேரத்தில், சேலையைத் தூக்கிச் செருகிட்டுச் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினாங்க. சீட் உயரம், கால் சரியா எட்டல. ஆனா இறங்கல. இருபது நிமிசம். சிரிச்சுக்கொண்டே இருந்தாங்க. பிறகுதான் சொன்னாங்க, இதை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றைக்கு முதல்ல ஏறினதும் தான்தான் என்று. கொழும்பில் அந்த வீட்டம்மா ஒவ்வொரு காலையிலும் இதில் மிதிப்பதை வருசக்கணக்கில் துடைச்சுக்கொண்டே பார்த்தவங்க. ரோட்டில் சைக்கிள் ஓட்ட அவங்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் பொம்பளப் பிள்ளைகளுக்கு யார் பழக்கிவிட்டாங்க? இதில் விழ மாட்டோம், அதான் பயமில்ல என்றாங்க.

ட்ரெயினரைக் கொண்டு வந்த ஆளிடம் 'உங்களுக்கு எது வேணும்?' என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்கல. தம்பிக்குத் திரையில் உலகப் பந்தயம் வேணும், தங்கச்சிக்குப் பாடம் வேணும் என்று ரெண்டு பக்கம் பிரிஞ்சு வாதாடினோம். அக்காவுக்குத் திரையே தேவைப்படல. இருபது நிமிசம் யாரும் கூப்பிடாம மிதிக்கணும், அவ்வளவுதான். இப்ப அந்த வீட்டில் நேரம் பிரிச்சாச்சு: அஞ்சரையில் இருந்து ஆறரை அக்கா, ஏழில் இருந்து எட்டு தம்பி. லெப்டொப் வந்ததும் எட்டு மணிக்கு மேல தங்கச்சியிடம் போகும். இந்த ஏற்பாடு எத்தனை மாசம் நிக்கும் என்று எங்களுக்கும் சந்தேகம்தான். தம்பி இன்னும் ஐபேட் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கான், "அதுல எவ்வளவு வழுக்கிட்டுப் போச்சு பார்த்தீங்களா அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருக்கான்.

வர்ற ஞாயிறு ஹட்டன் டவுனுக்கு லெப்டொப் பார்க்கப் போறோம். ட்ரெயினரையும் அதே பழைய பெட்சீட்டில் சுத்தி, தோட்டத்துப் பஸ்ஸில் ஏத்திக் கொண்டு போறோம். கடையிலேயே ஒரு பிளக் கேட்டு, கடைக்காரர் கண் முன்னால் புளூடூத் பிடிக்குதா என்று பார்த்துட்டுத்தான் காசை எண்ணிக் கொடுப்பதாத் திட்டம். சைக்கிளையும் கொண்டு வரச் சொல்லித் தம்பி கேட்டான். பஸ் கண்டக்டர் ஏத்த மாட்டார் என்று சொல்லிட்டோம்.